சேராமல் விட்ட கோடு

அந்தப் பானையை நான் தொட்டிருக்கவே கூடாது. நினைத்தால் இன்னமும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. எல்லாத் தப்பும் என்மேல்தான் என்று ஒப்புக்கொள்ளவும் மனசு வரவில்லை; பள்ளிக்கூடத்தின் மேலும் கொஞ்சம் உண்டு. வளைகுடாப் பாலைவனத்து ருவைஸில், ஜன்னலைத் திறந்தால் ரிஃபைனரி தெரிகிற ஊரில், ஏழாவது படிக்கும் பிள்ளையிடம் அமெரிக்காவிலிருக்கும் ஜூனி என்கிற பழங்குடியினரின் சடங்குப் பானையைச் செய்துவரச் சொன்னால் களிமண்ணுக்கு எங்கே போவது? செடிக் கடையில் பூந்தொட்டிதான் கிடைத்தது, அடியில் ஓட்டையோடு.

மகள் அதற்கு வெள்ளை பூசி ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் வரைந்தாள். விளிம்பைச் சுற்றித் தவளை, தலைப்பிரட்டை, தட்டான். நடுவில் ஒரு மான், அதன் வாயிலிருந்து நெஞ்சுவரை சிவப்பாக ஓர் அம்பு. அந்த அம்பு மானின் மூச்சு போகிற வழியாம். அவர்கள் இருப்பதும் வறண்ட பூமிதான், மழையைக் கூப்பிடத்தான் தவளையும் தட்டானும் என்று, வரைந்து முடித்த ராத்திரி சாப்பிடும்போது சொல்லிக்கொண்டே போனாள். நான் போனில், ரிஃபைனரியை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலையைப் பேசியபடி "அச்சா, அச்சா" என்று தலையாட்டினேன். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நமக்கும் தெரியுமே, அதனால் அதுவரைக்கும் காதில் விழுந்தது.

மறுநாள் காலை ட்யூட்டி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பானை மேசைமேல் இருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. ஒரு விரல் அகலத்துக்குச் சேராமல் நின்றது. நான் வெல்டிங் இன்ஸ்பெக்டர். பதினெட்டு வருஷமாக, எங்கே மூடாமல் விட்டிருக்கிறது என்று தேடித் தேடியே கண் பழகிவிட்டது. மனைவியும் எட்டிப் பார்த்து, "கோலத்துல இழை விட்டுப்போனா ஆகாதுங்க. பாவம், தூக்கக் கலக்கத்துல விட்டுட்டா போல" என்றாள். பெயின்ட்டும் பிரஷ்ஷும் பக்கத்திலேயே கிடந்தன. ஒரே இழுப்பில் சேர்த்துவிட்டேன். நமக்கும் நல்ல கைதான் என்று பெருமை வேறு.

ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது மகள் அலறினாள்.

"அப்பா! ஒய் டிட் யூ க்ளோஸ் இட்? அது வழியாத்தான்பா பானையோட உயிர் போய்வரும். மூடினா செஞ்சவங்களுக்கே ஆகாதுன்னு நம்புறாங்க. இன்னைக்குக் கிளாஸ்ல நான் எக்ஸ்ப்ளெய்ன் பண்ண வேண்டியதே அதுதான்!"

மன்னிப்புக் கேட்க வேண்டிய வாயில், "முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்றுதான் வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

"நேத்தே சொன்னேன்பா. நீங்க அச்சான்னீங்க."

நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கறுப்போடு வெள்ளையும் பெயர்ந்து தொட்டியின் செம்மண் நிறம் தெரிந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அன்றைக்குப் பார்த்து, சைட்டில் ஒரு புது வெல்டர், அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், குழாய்மேல் வைக்கிற இரும்புப் பட்டையில் வேண்டுமென்றே விடுகிற சின்ன ஓட்டையை வெல்டு வைத்து அடைத்திருந்தான். உள்ளே மாட்டிக்கொள்கிற காற்று வெளியேற அந்த ஓட்டைதான் வழி. "யாருய்யா இத அடைக்கச் சொன்னது? டிராயிங்கப் பாத்தியா?" என்று காலையிலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் அவன் தலையில் கொட்டினேன்.

"தப்புதான் சார். இத விட்டுவைக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல சார்" என்றான்.

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் போனை அணைத்து உள்ளே வைத்துவிட்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அந்த மான், அம்பு, எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லும்மா. அப்பா கேக்குறேன்" என்றேன்.

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கலாஸ்பா, அவ்வளவுதான். கிளாஸ்லயே சொல்லி முடிச்சிட்டேன்."