அத்தான் போட்ட ஒரே உத்தரவு

மத்தியானம் ஒன்றரை மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"ஏலே, ஒன் அத்தான் கம்ப்யூட்டரக் கொன்னுட்டாவ. ஒடனே வா."

பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது: "சாவல மாப்ள. எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி வந்துட்டு, அவ்வளவுதான்."

உப்பு லாரிகளுக்கு நடுவே பைக்கை ஓட்டிப் பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அத்தான் சரக்குக் கப்பலில் போசன்; மேல்தளத்து ஆட்களுக்கு மேலாள். பெயர் எழுதாத குழாய் வால்வோ பெட்டியோ கப்பலில் கிடையாது என்பார். விடுமுறை எட்டு மாதமாக நீண்டதில் வீட்டுக்கும் அந்தச் சட்டம் வந்துவிட்டது. சீனி டப்பாவில் 'சீனி', உப்பு ஜாடியில் 'உப்பு', மாடி விளக்கின் சுவிட்சில் 'மாடி'. எல்லாம் வெள்ளை டேப்பில் கறுப்பு மையால் எழுதியவை.

"இருவது வருசமா இந்த அடுப்படியில நிக்கேன். உப்பு எதுன்னு எனக்கு எழுதிக் காட்டுதாவ" என்று அக்கா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சீக்கிரம் கப்பல் கிடைக்க வேண்டும் என்று அவரைவிட அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான்.

அன்று காலை கிடைத்திருந்தது. கொழும்பில் சரக்கு ஏற்றும் கப்பலில் ஓர் இடம். மூன்று சான்றிதழ்களை மூன்று மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. அசல்கள் விசாவுக்காகச் சென்னையில் இருந்தன. நகல்கள் இந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்.

திரையில் இருபது ஐகான் படங்கள், இருபதும் ஒரே சிவப்புக் காகிதம், பி.டி.எஃப். கோப்பின் முத்திரை. எதைத் தட்டினாலும் 'இந்தக் கோப்பைத் திறக்க முடியாது' என்றது.

"என்ன அத்தான் செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யல. ஒரு படத்தத் தொறந்தேன். எத வெச்சுத் தொறக்கணும்னு கேட்டுச்சு. சர்டிபிகேட் தொறக்குறத வெச்சே தொறன்னேன். இனி எப்பவும் இப்படித்தானான்னு கேட்டுச்சு. ஆமான்னு டிக் போட்டேன்."

"எப்பவும்னு எதுக்குப் போட்டிய?"

"கப்பல்ல உத்தரவுன்னா எப்பவும்தான். இன்னைக்கு மட்டும்னு ஒரு உத்தரவு உண்டுமா?"

திரையில் இருப்பவை புரோகிராம்கள் அல்ல, அவற்றுக்குப் போகும் குறுக்குவழிகள். எல்லாம் ஒரே இனம். ஒன்றுக்கு இட்ட உத்தரவை இருபதும் கேட்டுக்கொண்டன.

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு இதே நோய் வந்தது. அன்று கணினிப் பிரிவுக்காரர் எழுதித் தந்த தாளை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துப் பார்த்து, கம்ப்யூட்டர் தன் உத்தரவுகளையெல்லாம் எழுதி வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரிக்குள் இறங்கினேன். அத்தான் போட்ட டிக் அங்கே ஒற்றை வரியாக உட்கார்ந்திருந்தது.

"தப்பா எதையும் அழிச்சா என்ன ஆவும்?" என்றாள் அக்கா.

"எதுவுமே தொறக்காது."

"இப்ப மட்டும் தொறக்குதாக்கும்!"

அழித்தேன். அணைத்துப் போட்டேன். பழைய கம்ப்யூட்டர், எழுந்திருக்க நாலு நிமிடம். திரை வந்தபோது இருபதும் அதே சிவப்புக் காகிதம். அக்கா "மாதாவே" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மணி இரண்டு பத்து.

'சர்டிபிகேட்' என்று எழுதியிருந்த படத்தைத் தட்டிப் பார்த்தேன். திறந்தது. உத்தரவு போய்விட்டது, முன்பு வரைந்து வைத்த படங்களைத்தான் கம்ப்யூட்டர் இன்னும் காட்டிக்கொண்டிருந்தது.

"படம் எப்படி இருந்தா என்ன? பேரு சரியா இருக்குல்லா" என்றார் அத்தான். பெயரைப் படித்துப் படித்தே பிரவுசரைத் திறந்து, மூன்று சான்றிதழ்களையும் அனுப்பினார். மணி இரண்டு முப்பத்தைந்து. பிறகு நான் அந்தப் பழைய படச் சேமிப்பையும் அழித்து, மறுபடி அணைத்துப் போட்டேன். இந்த முறை ஒவ்வொன்றாகச் சொந்த முகங்கள் வந்தன. அத்தான் கைதட்டினார்.

மூன்றே காலுக்குப் பதில் வந்தது. வியாழக்கிழமை கொழும்பில் ஏற வேண்டும். ஒன்பது மாத ஒப்பந்தம். அக்கா விரல்விட்டு எண்ணினாள்.

"அப்ப கிறிஸ்மசுக்கு?"

"கப்பல்லதான்."

"ஏழு மாசம்னு கேளுங்க."

"ஏளா, நீதான வெரட்டுன!"

"வெரட்டுனா? ஒம்பது மாசத்துக்கா வெரட்டுனேன்?"

அத்தானால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இரண்டு விரல்களால் கடிதம் தட்டத் தொடங்கினார். அக்கா பின்னால் நின்று, எதைப் பணிவாகச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது என்று திருத்திக்கொண்டிருந்தாள். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ என்னலே வேடிக்க பாக்க? போயி ஊளி மீன் வாங்கிட்டு வா. ரெண்டு கிலோ."

மீனோடு திரும்பியபோது அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். பையை வாங்காமல் முதலில் செய்தியைச் சொன்னாள்.

"எட்டுன்னு ஒத்துக்கிட்டானுவலே! கிறிஸ்மசுக்கு வந்துருவாவ!"