நிழல் எட்டும் தூரம்

மேற்கே வெயில் தெளிந்துவிட்டால் கிரிம்தனுக்கு வேலை ஓடாது. அறுத்துக்கொண்டிருக்கும் மான்கொம்பை அப்படியே போட்டுவிட்டு, மடத்து எல்லையில் நிற்கும் கற்சிலுவைக்கு ஓடுவான். அதோடு ஒட்டி நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பான். ஒரு துண்டு மேகம் தெரிந்தாலும் முகம் வெளுத்துவிடும்.

மான்கொம்பில் சீப்பு செய்வது அவன் தொழில். நான் மடத்து மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவன். போன அறுப்புக்காலத்தில், ஒரு கல்யாண விருந்தில் குடித்துவிட்டு வாய்ச்சண்டை முற்றி, கிரிம்தன் ஒருவனைப் பிடித்துத் தள்ளினான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஓடோடி வந்து இந்தச் சிலுவையைக் கட்டிக்கொண்டான். மடம் அடைக்கலம் தரும் எல்லை இது; இதற்கு உட்பக்கம் இருக்கும்வரை யாரும் அவனைத் தொடக் கூடாது. வெளியே, செத்தவனின் அண்ணன் டூன்கத் ஈட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். ஈடாக மாடு தருகிறோம் என்றாலும் மசியவில்லை.

"என்னடா சீப்பு, இன்னிக்கு மழை வருமா?" என்பான் டூன்கத்.

"வந்தா உனக்குத்தான் சளி பிடிக்கும்," என்பான் இவன். தைரியமெல்லாம் வாயில்தான்.

கிரிம்தனின் மனைவி லசார் ஓடைக்கு அக்கரையில் வந்து நிற்பாள். பெண்கள் ஓடையைத் தாண்டி மடத்துப் பக்கம் வரக் கூடாது. சிலுவைக்கும் ஓடைக்கும் நடுவே வெறும் புல்தரை; அது அடைக்கல எல்லைக்கு வெளியே. அந்தி வெயிலில் சிலுவையின் நிழல் அதன்மேல் நீண்டு தண்ணீரைத் தொடும்.

"நிழலும் சிலுவைதானே சாமி?" என்று கிரிம்தன் மடத்தலைவரை நச்சரித்தான். அவர் பிடிகொடுக்கவில்லை. டூன்கத்தான் யோசித்துச் சொன்னான்: "நிழல்ல நின்னா தொடமாட்டேன். சாமி குத்தம் எனக்கு வேணாம். ஆனா நிழல் போச்சுன்னா நீயும் போச்சு."

இன்று லசார் கைக்குழந்தையோடு வந்தாள். அவன் இன்னும் தொட்டறியாத மகள். விளிம்பு பிசகாமல் நிழலுக்குள்ளேயே அடிமேல் அடிவைத்து ஓடையை அடைந்தான். குறுகிய ஓடை, கை எட்டும். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"மூக்கு உன்னோடது," என்றாள்.

"ஐயோ பாவம்," என்று சிரித்தான்.

அப்போதுதான் மேகம் மூடியது. புல்தரை முழுக்க ஒரே நிறமாகிவிட்டது. டூன்கத் எழுந்து நின்றான்.

கிரிம்தன் கையில் குழந்தை இருக்கும்வரை டூன்கத் ஈட்டியை எறியமாட்டான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"புள்ளையோடவே ஓடியாடா," என்று சிலுவையடியிலிருந்து கத்தினேன்.

கிரிம்தன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஓடைக்கு மேலே கைகளை நீட்டி, குழந்தையை அவளிடம் கொடுத்தான்.