வெள்ளைத் துணியில் ஒரு நாய்

சிட்னியின் மேற்குப் புறத்தில், செல்லப் பிராணிகளை நெருப்பில்லாமல் தண்ணீரால் தகனம் செய்யும் ஒரு சிறிய இடத்தில் 2012இல் வேலை பார்த்தேன். உருக்குத் தொட்டிக்குள் சூடான காரத் தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் தசையெல்லாம் தண்ணீரோடு போய், எலும்பு மட்டும் மிஞ்சும். அதைக் காயவைத்து மாவாக்கிக் கொடுப்போம். புகை இல்லை, எரிவாயுச் செலவும் கொஞ்சம். யார் கேட்டாலும் இதை ரசித்துச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

எங்கள் சனம் கூடும் ஹோம்புஷ் பகுதியில், கடையொன்றில் நான் அப்படிக் கதைத்ததைக் கேட்டிருந்த ஓர் அன்ரி, தன் நாய் இறந்த அன்று கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்த முதல் தமிழ்க் குடும்பம். நாயைத் தன் பழைய நூல் சேலையில் சுற்றியிருந்தார்.

"தண்ணியில கரைக்கிறதோ? நாயோ, சீனியோ?" என்றார் அங்கிள்.

"நீங்கள் சும்மா இருங்கோ," என்ற அன்ரி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நெருப்பெண்டால் என்ர பிள்ளைக்குப் பயம். புதுவருச வெடிக்கே கட்டிலுக்குக் கீழதான். அதுதான் இஞ்ச கொண்டு வந்தனான். ஆனா, மாவைக் கையில தந்தா அது அவன்தான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்வி. முதலாளி அம்மா, உடலோடு கூடவே போகும் எண் பொறித்த தகட்டைக் காட்டினார். அன்ரியின் முகம் தெளியவில்லை.

"மாவாக்க முந்தி எலும்பை நான் ஒருக்காப் பாக்கவேணும்."

அதைப் பார்த்தால் மனம் தாங்காது என்று முதலாளி யாருக்கும் காட்டுவதில்லை. சாம்பலில் எலும்பு பொறுக்கிப் பால் ஊற்றுகிற சனம் நாங்கள், பார்க்காவிட்டால்தான் தாங்காது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். ஒழுங்காக அடுக்கி வைப்பதென்றால் சரி என்றார் முதலாளி.

மிருக வைத்தியர் ஒருவர் எறிய இருந்த நாய் எலும்புக்கூட்டுப் படத்தை வாங்கிவந்து, மதியச் சாப்பாட்டு வேளைகளில் நானாகவே படித்து வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து, அவர்கள் வருமுன், காய்ந்த எலும்புகளை வெள்ளைத் துணியில் பரப்பினேன். கால்விரல், வால் கணு, எதுவும் இடம் மாறவில்லை. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், ஒருக்களித்துத் தூங்குகிற நாயேதான்.

அன்ரி வாலில் தொடங்கி மெல்லப் பார்த்துக்கொண்டே வந்தவர், தாடையில் நின்றார். வலப்பக்கக் கூர்ப்பல் பாதிதான் இருந்தது.

"இஞ்சேருங்கோ, இந்தப் பல்லைப் பாருங்கோ."

அங்கிள் குனிந்தார். உடைந்த முனையை விரலால் தடவினார்.

"சிரட்டை கடிச்சு உடைச்சது," என்றார் என்னிடம். "தேங்காய் துருவிப்போட்டு நான்தான் குடுத்தனான். இவ வேண்டாம் வேண்டாமெண்டு கத்தக் கத்தக் குடுத்தனான்."

"கத்தினது இப்பவாவது ஞாபகம் வருதே," என்று அன்ரி சிரித்தார். கண் நிறைந்திருந்தது. கொண்டுவந்த பாலில் விரலைத் தொட்டு, நான்கு பாதங்களிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தார். "என்ர பிள்ளைதான். இனி மாவாக்குங்கோ, தம்பி."

எலும்பை நான் இயந்திரத்துக்கு எடுத்துப்போக, அங்கிளும் பின்னால் வந்தார்.

"எல்லாம் நீர் தனிய அடுக்கினதோ?"

"ஓம், அங்கிள்."

"ஒண்டும் பிசகேல்லை."

அவர்கள் போனபிறகு, அங்கிள் சொன்னதை முதலாளிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.