சாவியில் தொங்கும் வாஷர்

என் கடைச் சாவி ஒரு இரும்பு வாஷரில் கட்டித் தொங்குகிறது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். வேறு வளையம் வாங்க நேரமில்லையா என்று கேட்பவர்களிடம் சிரித்து மழுப்பிவிடுவேன். இங்கே மழுப்பப் போவதில்லை.

கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் இந்த சைக்கிள் கடையை நடத்தியவர் அத்தான், என் அக்காவின் கணவர். ஐந்து வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தாலே வாடிக்கையாளர்கள், “தாதா இல்லையா?” என்று, அண்ணனைத் தேடுவதுபோல் அவரைத் தேடி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் ஒதுங்கினால்தான் எனக்கு விடிவு என்று நினைக்க ஆரம்பித்தேன்.

பெடலைத் தாங்கும் கிராங்கைக் கழற்ற, முதலில் போல்ட்டையும் அதன் அடியிலிருக்கும் வாஷரையும் எடுக்க வேண்டும். பிறகுதான் கிராங்கை இழுத்தெடுக்கும் புல்லரைத் திருக வேண்டும். வாஷர் உள்ளேயே கிடந்தால் புல்லர் கிராங்கின் மரையை உரித்து எறிந்துவிடும். அத்தான் ஒவ்வொரு முறையும் போல்ட் இருந்த குழிக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரிவதை எதற்குத் தடவ வேண்டும் என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கண்ணுல புரை விழுந்திருக்கு மாப்ளே. துர்கா பூஜை முடியட்டும், ஆபரேஷன் பண்ணிக்கிடுதேன். அக்காகிட்ட சொல்லிராத. இப்பவே கடைய மூடச் சொல்லுவா.”

அக்காவிடம் நான் சொல்லவில்லை. அதைவிடக் கேவலமான காரியத்தைச் செய்தேன்.

பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தன் வெளிநாட்டு சைக்கிளைக் கொண்டுவந்திருந்தார். மதியச் சாப்பாட்டுடன் அக்காவும் வந்து நின்றாள். நான் போல்ட்டைக் கழற்றினேன். கிரீஸ் மூடிக் கிடந்த வாஷரை அப்படியே விட்டேன்.

“வாஷர எடுத்துட்டேன் அத்தான்” என்று அவர் காதோடு சொன்னேன்.

அவர் குழிக்குள் விரலை விடவில்லை. நேராகப் புல்லரை வைத்துத் திருகினார். மரை பளபளவென்று சுருள் சுருளாக உரிந்து வந்தது. பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு, “கீ கொர்லென் தாதா!”, என்ன செய்துவிட்டீர்கள் என்று அலறினார். நான் குனிந்து பார்த்தேன். அக்கா காதில் விழும்படி சத்தமாகச் சொன்னேன்: “வாஷர் உள்ளயே கிடக்கே! கண்ணு தெரியலன்னா சொல்ல வேண்டாமா அத்தான்?”

அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஒளிக்க மாட்டேன்.

அக்கா விசாரித்தாள். புரை விஷயம் வெளியே வந்ததும் தெருவே கேட்கக் கத்தினாள்: “குருட்டுக் கண்ண வச்சுக்கிட்டு இன்னும் எத்தன வண்டியக் கெடுப்பீங்க? சாவியத் தம்பிகிட்டக் குடுங்க!” ஒரே வார்த்தையில் அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் வாஷரை நெம்பி எடுத்து, வேட்டியில் துடைத்து, சாவிக் கயிற்றை அதில் கோத்து என் கையில் வைத்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “நீ சொன்னதுனாலதான் விரல் விடல மாப்ளே.”

ஆபரேஷனுக்கு அவர் போகவேயில்லை. “கடைக்கே போகலங்கும்போது கண்ணு எதுக்கு?” என்று சொல்லிவிட்டார். இப்போது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

தினமும் சாயங்காலம் உள்ளே போய், “பூட்டிட்டேன் அத்தான்” என்பேன். அவர் கையை நீட்டுவார். சாவியைக் கொடுப்பேன். சுண்டுவிரலால் அந்த வாஷரை ஒரு சுற்றுத் தடவிவிட்டுத் திருப்பித் தருவார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார்.