டானிக் குடித்து இளைத்த பயில்வான்

எனக்கு சினிமாவைவிட, சினிமாவுக்கு முன்னால் போடும் விளம்பரம்தான் பிடிக்கும். இதை வெளியில் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். விளம்பரமெல்லாம் முடியட்டும் என்று வாசலில் நின்று அரட்டை அடித்துவிட்டு, படம் தொடங்கியதும் இருட்டில் என் காலை மிதித்துக்கொண்டு உள்ளே வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். படத்தில் என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது? கதாநாயகி அழுவாள், கடைசியில் கல்யாணம் ஆகும். பல்பொடி விளம்பரத்தில் அந்த ஆள் எதற்காக அத்தனை பல்லையும் காட்டுகிறான் என்று அல்லவா யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஐம்பதுகளில் நாகரசம்பட்டிக்கு வெளியே, கடலை பிடுங்கிய ஒரு கொல்லையில் டெண்ட் கொட்டாய் போட்டிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மூங்கில் தட்டி. தரையில் மணல், அதற்குப் பின்னால் பெஞ்சு. அப்போது விளம்பரம் என்றால் சிலைடுதான். சின்னக் கண்ணாடித் துண்டில் கலர் மையால் கையாலேயே எழுதி, படம் வரைந்து, திரையில் காட்டுவார்கள். சைக்கிள் கடை தமிழில் வரும். வளையல் கடை தெலுங்கில் வரும். ஓசூர்ப் பக்கத்து மூக்குப்பொடி கன்னடத்தில் வரும். எல்லாவற்றிலும் ஒரே பெண்தான் இருப்பாள், ஒரே ஓவியர் வரைந்ததால். சைக்கிள் கடையில் அவள் கையில் மணி இருக்கும், வளையல் கடையில் வளையல் இருக்கும். மூக்குப்பொடிக்கு அவள் எதற்கு என்று எனக்கு விளங்கியதே இல்லை.

நடுவில் சர்க்கார் சிலைடும் வரும். “அம்மை குத்திக்கொள்ளுங்கள்” என்று ஒன்று, அடுத்ததே “எங்கள் கடையில் குடை வாங்குங்கள்” என்று ஒன்று. இரண்டும் ஒரே எழுத்து, ஒரே அதிகாரம். இதில் எது உத்தரவு, எது வேண்டுகோள் என்று அப்பாவுக்கே குழப்பம் உண்டு. எங்கள் வீட்டில் யாரும் நனையாத ஒரு கோடையில் அவர் புதுக்குடையோடு வந்து நின்றார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, வாங்கச் சொல்லிப் போட்டிருந்தார்களே என்றார்.

கொட்டாயில் ஒரே மெஷின்தான். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டுகிற வரைக்கும் படம் நிற்கும். ஓரத்து பல்பு ஒன்றை எரியவிட்டு மறுபடியும் சிலைடு போடுவார்கள். மற்றவர்கள் முனகுவார்கள், முறுக்கு வாங்கப் போவார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்காருவேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள், தமிழை வாசித்துவிடுவேன், கன்னடத்தைத் தட்டுத்தடுமாறிக் கூட்டுவேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட அக்காவுக்கு நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவள் கேட்டுக்கொண்டு, சரி என்பாள். அவ்வளவுதான்.

அக்கா சிரிக்க மாட்டாள். கோபக்காரி இல்லை, கர்வமும் இல்லை, முகவாகு அப்படி. அவள் சந்தோஷமாக இருக்கிறாளா என்பதை அவள் மாட்டுக்குப் புல் போடுகிற வேகத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு இடத்திலிருந்து வீட்டுக்கு வந்து பெண் பார்த்தார்கள். இரண்டு பேரும், முகம் கடுகடுவென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெண் பார்க்க வந்து வேண்டாம் என்று போனால் ஊரே ஒரு மாதம் அதைத்தான் மெல்லும். இருபத்தொரு வயது அவளுக்கு. இன்னொரு இடமும் தட்டிப்போனால், மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். அவருக்கு அப்பாவைவிட நாலு வயதுதான் குறைவு. அக்காவுக்கு அது தெரியும். புல் போடுகிற கை அந்த நாட்களில் மெதுவாகத்தான் போயிற்று.

அதனால்தான் மூன்றாவது இடத்துக்குக் கொட்டாயில் காட்டுவது என்று ஏற்பாடு ஆயிற்று. எங்கள் பக்கத்தில் அப்போது அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பெண் வீட்டார் படம் பார்க்கப் போகிற மாதிரி போவார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் அப்படியே வருவார்கள். சுருள் மாற்றும்போது பல்பு எரியுமே, அந்த வெளிச்சத்தில் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வார்கள். பிடித்தால் பேச்சு நடக்கும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று ஆகிவிடும். மாப்பிள்ளைக்கு ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி. தென்பெண்ணை ஓரத்தில் நிலம், ராகியும் அவரையும் போடுகிறவர்கள். நடுவில் நின்று பேசியவர் எங்களுக்கு மாமா முறை ஆகிற ஒருவர். பெண் பச்சைத் துணியில் இருப்பாள், பெஞ்சில் கம்பத்துக்குப் பக்கத்தில் இருப்பாள் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அக்காவை மட்டும் சிங்காரித்தால் ஊருக்குச் சந்தேகம் வரும் என்று அம்மா எனக்கும் பச்சைத் தாவணி கட்டிவிட்டாள். அக்காவின் சேலையும் என் தாவணியும் ஒரே கடையில், ஒரே பச்சையில் எடுத்தவை. கம்பத்துக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் நான். பூ வேறு வைத்துவிட்டாள். இன்றைக்கு என்ன வந்தது இவளுக்கு என்று நினைத்தேனே தவிர, சிலைடு தொடங்குவதற்குள் போய்விட வேண்டுமே என்பதுதான் என் கவலை.

முதல் சுருள் முடிந்து பல்பு எரிந்தது. ஒரு டானிக் சிலைடு வந்தது. எனக்கு மிகவும் வேண்டிய சிலைடு அது. இடது பக்கம் ஒரு நோஞ்சான், எலும்பெல்லாம் எண்ணி எடுக்கலாம். வலது பக்கம் அதே ஆள் பயில்வானாகித் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்பான். அன்றைக்கு மெஷின்காரர் கண்ணாடியைத் திருப்பிச் சொருகிவிட்டார். பயில்வான் இடது பக்கம் வந்துவிட்டான், நோஞ்சான் வலது பக்கம் போய்விட்டான். நல்லா இருந்த மனுஷன் டானிக்கைக் குடித்து எலும்பும் தோலுமாகிவிட்டான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடக்க அடக்க வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கி, பாருக்கா, பாருக்கா என்றேன். அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. அது அவள் சிரித்ததா, என்னை நினைத்துக் கூசிப்போனதா, இல்லை நான் உலுக்கியதால் குலுங்கியதா? இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாமா வந்தார். பெண் பிடித்துவிட்டதாம். மோரைக் குடித்துவிட்டு, “நல்லா சிரிச்ச மொகமா இருக்குதுன்னு சொன்னாங்கம்மா” என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. அப்புறம் அந்த முகம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது, அவர்கள் பார்த்தது இவளைத்தானோ என்று. அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் சொல்லப்பட்டது, அதுவும் திட்டோடு சேர்த்து. அக்கா கல்யாண விஷயத்தில் பல்லை இளிச்சுட்டு வந்து நிக்கிறியே என்று அம்மா திட்டினாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பெண் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் நான் ஏன் சிரிக்கிறேன்? மாமாவிடம் கேட்கலாம் என்றால், யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்பதே வந்த சம்பந்தத்தை நாமே கலைப்பது போல ஆகும். அதனால் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா மட்டும் கேட்டாள். கிணற்றடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். “அன்னிக்கி நான் சிரிச்சனா?”

எனக்கு அந்த இரண்டு பிள்ளைக்காரர்தான் கண் முன்னால் நின்றார். “நீதான்க்கா சிரிச்ச. எனக்கு மேல சிரிச்ச” என்றேன். அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, சரி என்றாள்.

நிச்சயத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் நான் படக்கூடாது என்று அம்மா என்னை மாந்தோப்புக்கு அனுப்பிவிட்டாள். கிளி விரட்டுகிற பெயரில் பகல் முழுக்க அங்கே உட்கார்ந்து, என்மேல் நானே இரக்கப்பட்டுக்கொண்டேன். கல்யாணத்தில் சமையல் பக்கத்தை விட்டு நான் வெளியில் வரவே இல்லை. எட்டிப் பார்த்தபோது மணவறையில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். ஊரே அதிசயமாகப் பார்த்தது. எனக்கு அவளை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

ஆறு மாதம் கழித்து, அக்காவுக்கு மசக்கை என்று கூடமாட இருப்பதற்காக என்னைக் கெலவரப்பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே மாட்டை ஓட்டுவது கன்னடத்தில், வேலியோரத்துச் சண்டை தெலுங்கில், சோறு போடுவது தமிழில். எனக்குத் தலை சுற்றியது. அதைவிட அக்காதான் என் தலையைச் சுற்றவைத்தாள். அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், மழை வரும்போல இருக்கிறது என்றாலும் சிரித்தாள். கலப்பையில் கொழு உடைந்துவிட்டது என்றாலும் சிரித்தாள். அவர் வெளியே போனதும் முகம் பழையபடி இறங்கிவிடும், தாடையைக் கையால் தேய்த்துக்கொள்வாள். மாமாவோடு ஓசூருக்குப் படம் பார்க்கப் போனோம். நல்ல நல்ல சிலைடெல்லாம் வந்தன. ஒரு ரவிக்கைத் துணிக் கடைக்கு, அதில் சிரிக்க எதுவுமே இல்லை, அக்கா கலகலவென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், “நீ சிரிக்காத” என்றாள் என்னிடம். நான் தாவணி முனையைக் கடித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக, சிலைடு எப்போது முடியும் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் நான் வரப்பில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். மாமா வந்து பக்கத்தில் நின்றார். ஏதோ கேட்க வேண்டும் என்று தயங்கினார். அவர் அதிகம் பேசாதவர்.

“ஏம்புள்ள, உங்கக்காவுக்கு என்ன ஆச்சு? எதுக்கெடுத்தாலும் சிரிக்கறா.”

எனக்குக் கை நின்றுவிட்டது. நல்ல விஷயம்தானே மாமா, சிரித்த முகம் என்றுதானே கட்டினீர்கள் என்று ஒரு வழியாகச் சொன்னேன்.

“யாரு சொன்னா? அன்னிக்கிக் கொட்டாயில ரெண்டு பேரு இருந்தீங்க. நீ பேய் புடிச்ச மாதிரி சிரிச்சிகிட்டு இருந்த. அவ சத்தமில்லாம ஒக்காந்திருந்தா. நான் அந்த அமைதிக்குத்தான் சரின்னேன்.”

அப்படியானால் சிரித்த முகம் என்று சொன்னது யார்? நடுவில் நின்ற மாமாவேதான் சொல்லியிருக்க வேண்டும். அவர் எல்லாப் பெண்ணுக்கும் அதைத்தான் சொல்வார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். எல்லாச் சிலைடிலும் வருகிற அந்த ஒரே பெண் மாதிரி அவருக்கும் ஒரே வாசகம். அதை நம்பி அம்மா பயந்தாள், நான் பொய் சொன்னேன், அக்கா தாடை வலிக்க வலிக்க ஆறு மாதம் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவரைக்காயைக் கூடையோடு அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா களி கிண்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் என்னை மன்னிக்க மாட்டாளோ என்று பயமாகத்தான் இருந்தது. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டாயில் சிரித்தது நான்தான் என்பதை, கிணற்றடியில் தெரியாமலேயே தெரிந்த மாதிரி சொன்னதை, இப்போது மாமா சொன்னதை. அவள் துடுப்பை விடாமல் கேட்டாள். களி இறுகிக்கொண்டே வந்தது. அடுப்பிலிருந்து பானையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப இத்தன நாளா, என் மூஞ்சில நீதான் எங்கூட்டுக்காரரோட குடித்தனம் பண்ணிகிட்டு இருந்தியா?”

அவள் கேட்டது கோபமா, வேடிக்கையா என்றுகூட அந்த முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. என் அக்காவின் முகமாக அது இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. மாமா கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அவரைக்காயை யாரோ வரப்பில் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்று என்னைப் பார்த்துக் குறும்பாகச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. கடுகடுவென்று தட்டை எடுத்து வைத்து, களியை உருட்டிப் போட்டு, குழம்பை ஊற்றினாள். அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார், சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினார். எப்போதும் ஒரு உருண்டையோடு எழுந்துவிடுகிறவர், அன்றைக்கு இன்னொன்று போடச் சொன்னார்.