பிளேடின் பள்ளம்

பூந்தமல்லி பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அம்பத்தூர் பட்டறையில் கிரைண்டிங் வேலை பார்ப்பவர். மடியில் மகளின் ஐஸ் ஸ்கேட்டிங் ஷூவை வைத்துக்கொண்டு, அதன் பிளேடை நகத்தால் வருடியபடியே வந்தார்.

"பிளேடு அடியில நீட்டுக்கும் ஒரு பள்ளம் கீது சார். அதோட ரெண்டு ஓரமும்தான் ஐஸைப் புடிக்கும். நான் தேய்மானம்னு நெனச்சி மட்டமா தேச்சிட்டேன். போட்டியில பொண்ணு வழுக்கி வுழுந்துட்டா, முட்டி போச்சு. இனிமே ஆடவே கூடாதுன்ட்டாரு டாக்டர்."

"போடும்போதே அவளுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சிகீது சார். நைனா ஆசையா தீட்டினதுன்னு ஒண்ணும் சொல்லாம மாட்டிகினு எறங்கிட்டா."

பிறகு ஷூவை என்னிடம் நீட்டினார். "இப்போ பள்ளம் கரீட்டா எடுத்துட்டேன், பாருங்க."

யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அவரைப் போலவே நகத்தை வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றேன்.