வஞ்சரம் வேண்டாம் என்ற ஸ்டெல்லா

கடந்த மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், எண்ணூருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, சாப்பிட. ஓர் உணவகக் குழுமம் தன் கிளைகளுக்கு என்னைப் போன்றவர்களைச் சாதாரண வாடிக்கையாளராக அனுப்பும். சாப்பிட்டு, கவனித்து, மதிப்பெண் போட வேண்டும். யாரென்று சொல்லக் கூடாது. ஒரு காலத்தில் நானே ஓட்டல் மேலாளர். முகம் தெரியாத எவனோ எழுதிய இப்படியொரு அறிக்கையால்தான் என் வேலை போனது. அவனை இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு ஏன் இந்த வேலை என்பீர்கள். ஐம்பத்திரண்டு வயதில் வேறு யாரும் கூப்பிடவில்லை.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, விம்கோ நகரில் இறங்கினேன். முப்பது ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆறு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். நான் முணுமுணுத்ததைக் கேட்ட ஓட்டுநர், “லாரி நவுந்தாதான் நாம நவுருவோம். சாஞ்சிகினு தூங்கு நைனா” என்றார். மெட்ரோவை எண்ணூர் வரை கொண்டுபோகாதவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இங்கே எழுதினால் பக்கம் போதாது.

கடையில் பரிமாறியவர் ஸ்டெல்லா, நாற்பது வயதிருக்கும், ராயபுரத்துக்காரர். அன்றைய சிறப்பு உணவு வஞ்சரம் வறுவல். பரிமாறுபவர் அதைச் சொல்லி வாங்க வைக்க வேண்டும் என்பது விதி. நானே கேட்டேன்.

ஸ்டெல்லா குனிந்து, “வஞ்சரம் வேணாண்ணே. வெசப் போட்டு எதுவும் கடலுக்குப் போவல, இது பழைய ஐஸு மீனு. நெத்திலி துன்னு, காலைல கட்டுமரத்துல வந்துது” என்றார்.

கல்லாவில் இருந்த மேற்பார்வையாளருக்கு அது கேட்டுவிட்டது. ஏற்கெனவே ரகசியமாக வந்தவர்கள் இரண்டு முறை ஸ்டெல்லாவுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறார்களாம். இன்னொரு முறை குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கணவர் விசைப்படகுக்காரர் என்பதால், தடை முடியும்வரை அந்த வீட்டில் இவர் சம்பளம் மட்டும்தான். மேற்பார்வையாளர் இதையெல்லாம் என் முன்னாலேயே சொல்லிக் கத்திவிட்டு, “இவுரே அந்த ஆளா இருந்தா இன்னா பண்ணுவ?” என்றார்.

ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தார். “இவுரா? மூஞ்சப் பாரு. பொண்டாட்டி சோறு போடாம தொரத்துன மாரி கீறாரு.”

நெத்திலி அருமை. கை கழுவிவிட்டுக் கல்லாவுக்குப் போய், அந்த ஆள் நான்தான் என்று சொன்னேன். சிறப்பு உணவைப் பரிந்துரைத்தாரா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றுதான் எழுதுவேன், அந்த மீனைத் தின்றவன் புகார் கொடுத்திருப்பான் என்பதையும் என் பெயர் போட்டு எழுதுவேன் என்றேன். எழுதி அனுப்பினேன். எனக்கு அந்த வேலை அத்தோடு முடிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பன்னிரண்டு மணிக்கு முன் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை வைத்திருங்கள். தடைக்காலத்தில் பெரிய மீன் கேட்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து என் செலவில் போனேன். சிறப்பு உணவுப் பலகையில் வஞ்சரம் இல்லை. ஸ்டெல்லா இருந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

“உன் பேர் போட்டு எழுதிட்ட, உனுக்கு மனசு லேசாயிச்சி. வேல இருக்கா இல்லியான்னு ஒரு வாரம் நான் தூங்கலண்ணே” என்று சொல்லிவிட்டு இலையைப் போட்டார்.